கன்வர்டிபிள் டாப் பாதியில் நிற்கிறது, வாங்கலாமா? அவசரம்

நிலாப்பயணி:
எல்லோருக்கும் வணக்கம். பழைய கார் ஸ்டைலில் வந்த கன்வர்டிபிள் (கூரையை, அதாவது டாப்பை, மடக்கித் திறக்கும் கார்) ஒன்று பார்த்தேன், பார்த்ததுமே மனசு விழுந்துவிட்டது. டாப்பைத் திறக்கச் சொன்னேன். பாதி தூரம் போய் நின்றுவிட்டது. ஓனர் கையால் கொஞ்சம் தூக்கிவிட்டார், மெதுவாகப் போய்ச் சேர்ந்தது. பேட்டரி வீக், வேறொன்றும் இல்லை என்கிறார். மற்றபடி வண்டி சுத்தம், உள்ளே நல்ல வாசனை. நாளை காலை அட்வான்ஸ் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவாராம். வாங்கலாமா?

திருப்புளி:
என்ன வண்டி? எந்த வருடம்? என்ன என்ஜின்? மினி, பீட்டில், ஃபியட் 500சி எல்லாமே பழைய ஸ்டைல்தான். ஒவ்வொன்றுக்கும் டாப் வேறு, வியாதியும் வேறு.

மினிக்காரன்:
டிக்கியைப் பாருங்கள். என் மினியில் டிக்கிக் கதவு சரியாகப் பூட்டாவிட்டால் டாப் அசையவே அசையாது. ஒரு மாதம் மெக்கானிக்கிடம் அலைந்தேன். கடைசியில் டிக்கிப் பூட்டில் இருந்த சின்ன ஸ்விட்ச்தான் காரணம்.

வோல்ட்மீட்டர்:
ஓனர் சொல்வது சரியாகவே இருக்கலாம். டாப்பை ஆயில் அழுத்தத்தால் நகர்த்தும் பம்ப் நிறைய கரன்ட் இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் வோல்டேஜ் இறங்கி நடுவழியில் நின்றுவிடும். எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டும்: அப்போது என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா, சாவி மட்டும் போட்டிருந்ததா?

ஆயில்கை:
டாப் நின்றபோது பம்ப் சத்தம் கேட்டதா? "ம்ம்ம்" என்று மோட்டார் ஓடுகிற சத்தம். இதற்குப் பதில் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான். சத்தமே இல்லை என்றால் ஸ்விட்ச், ரிலே, வயரிங் பக்கம் தேடவேண்டும். சத்தம் வந்தும் டாப் நகரவில்லை என்றால் ஆயில் குறைந்திருக்கிறது, இல்லையேல் பம்போ சிலிண்டரோ அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை.

பழைய_இரும்பு:
வண்டிப் பெயரைக்கூடச் சொல்லாமல் வாங்கலாமா என்று கேட்டால் என்ன சொல்வது? தம்பி, இங்கே பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன். திறந்த கார் வேண்டும் என்றால் மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்குங்கள். கையால் மடக்கும் டாப். பம்ப் இல்லை, சிலிண்டர் இல்லை. சிக்னலில் நிற்கும்போது ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம். மற்றதெல்லாம் வேஷம் போட்ட கார்கள்.

நிலாப்பயணி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். வோக்ஸ்வேகன் நியூ பீட்டில் கன்வர்டிபிள், 2005, 2.0 பெட்ரோல். இளம்பச்சை. டேஷ்போர்டில் அந்தச் சின்னப் பூச்சாடி கூட அப்படியே இருக்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏதோ மோட்டார் சத்தம் கேட்டது, நின்ற பிறகும் கேட்டது.

வோல்ட்மீட்டர்:
அப்படியானால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள். என்ஜின் ஓடினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கொடுத்துக்கொண்டிருக்கும். பேட்டரி மேல் பழி போட முடியாது.

மினிக்காரன்:
இருந்தாலும் டிக்கியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆயில்கை:
டிக்கி ஸ்விட்ச் என்றால் ஆரம்பத்திலேயே அசையாது. இது பாதி தூரம் வந்திருக்கிறது, பம்ப் ஓடுகிறது, கையால் தூக்கினால் போகிறது. இது ஹைட்ராலிக் கதை, அதாவது ஆயில் அழுத்தத்தில் கோளாறு.

நிலாப்பயணி, நாளை போகும்போது இரண்டு இடம் பாருங்கள். முதலில் முன்கண்ணாடிக்கு மேலே, நடுவில், டாப் வந்து பூட்டிக்கொள்ளும் இடம். அங்கே இருக்கும் சிலிண்டரின் சீல் (ஆயிலைத் தடுத்து வைக்கும் ரப்பர் வளையம்) வயதானால் கசியும். சன் வைசர், உள்கூரைத் துணி, ரியர் வியூ கண்ணாடியின் அடிப்பக்கம், எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் ஆயில் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் டிக்கிக்குள் பம்ப் இருக்கிறது. அதன் டேங்கில் அளவு பாருங்கள், சுற்றியுள்ள கார்பெட் ஊறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் கையில் கிடைத்ததை ஊற்ற விடாதீர்கள். பிரேக் ஆயிலை ஊற்றி எல்லா சீலும் ஊதிப்போன ஒரு காரை நான்தான் பிரித்தேன். ஒரு சீலோடு முடியவேண்டிய வேலை, எல்லா சிலிண்டரையும் கழற்றவேண்டியதாகிவிட்டது.

இன்னொன்று. "உள்ளே நல்ல வாசனை" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன வாசனை?

நிலாப்பயணி:
எலுமிச்சை மாதிரி. கண்ணாடியில் ஒரு வாசனை அட்டை, சீட்டுக்கு அடியில் இன்னொன்று.

ஆயில்கை:
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பூஞ்சை வாடையை மறைக்க அப்படி வைப்பார்கள். டாப்பிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் வெளியே போக வடிகால் துளைகள் உண்டு. இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே வந்து கார்பெட்டுக்கு அடியில் உள்ள ஃபோமில் தங்கிவிடும். மேலே தொட்டால் உலர்ந்த மாதிரிதான் இருக்கும். மிதியடியை எடுத்துவிட்டு, விரல் முட்டியால் பலமாக அழுத்தி அப்படியே பிடித்திருங்கள். நான்கு பக்கமும். சீட் போல்ட்டுகளையும் பாருங்கள். காருக்குள் இருக்கும் போல்ட்டில் துரு இருந்தால் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது என்று அர்த்தம். டாப்பைச் சரிசெய்துவிடலாம். தண்ணீரில் ஊறிய வயரிங்கும் கன்ட்ரோல் யூனிட்டும் வருடக்கணக்கில் தொல்லை கொடுக்கும்.

பழைய_இரும்பு:
இதற்குத்தான் சொன்னேன். பீட்டில் என்றால் என்ஜின் பின்னால் இருக்கவேண்டும், காற்றில் குளிரவேண்டும். இது அதே கம்பெனியின் கோல்ஃப் 4 காரின் அடித்தளத்தில் உருண்டையான உடம்பை வைத்து விற்ற கார். பூச்சாடியைப் பார்த்துக் கார் வாங்கக் கூடாது தம்பி.

ஜன்னலோரம்:
ஐயா, கோல்ஃப் 4 அடியில் இருப்பது குறையா? பிரேக், சஸ்பென்ஷன், பேரிங் என்று பாதிச் சாமான் கோல்ஃபுடையதே பொருந்தும். 1991இல் நிசான் ஃபிகாரோ வந்தது, அதுவும் பழைய ஸ்டைலில் திறக்கும் கார்தான். அதற்கு அடியில் இருப்பதும் சாதாரண நிசான் மைக்ராதான், 987 சிசி டர்போ, 3 கியர் ஆட்டோமேட்டிக். மொத்தம் 20,000 கார்கள், வாங்க ஆசைப்பட்டவர்கள் அதிகம் என்பதால் ஜப்பானில் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். அதை வைத்திருப்பவர்கள் இன்றும் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வடிவம் பிடித்து அதற்காகக் கார் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழைய_இரும்பு:
பிடிப்பது வேறு, பொறியியல் வேறு. எம்எக்ஸ்-5 1989இல் வந்தது. அதுவும் அறுபதுகளின் பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களை (இரண்டு சீட் திறந்த கார்களை) பார்த்துச் செய்ததுதான், ஆனால் தனக்கென்று அடித்தளம், பின்சக்கர டிரைவ். 2016இல் தயாரிப்பு 10 லட்சத்தைத் தாண்டியது. காரணம் இல்லாமலா?

திருப்புளி:
என்னிடம் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 இருந்தது, அதனால் சொல்கிறேன். சீட்டுக்குப் பின்னால் உள்ள வடிகால் அதிலும் அடைக்கும். அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பக்கவாட்டுத் தகட்டுப் பெட்டிக்குள் இறங்கி உள்ளிருந்து அரிக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் பெயின்ட் கொப்புளித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விரலால் அழுத்தினேன், தகடு பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. கையால் மடக்கும் டாப்பாக இருந்தும் தண்ணீர் அதையும் விடவில்லை.

பழைய_இரும்பு:
பராமரிக்காமல் விட்டால் எதுவும் அரிக்கும்.

ஜன்னலோரம்:
அதையேதான் பீட்டிலுக்கும் சொல்கிறோம்.

திருப்புளி:
சரி, கேட்டவரை விட்டுவிட்டோம். நிலாப்பயணி, 2.0 பெட்ரோலில் டைமிங் பெல்ட் (என்ஜின் வால்வுகளை இயக்கும் பெல்ட்) உண்டு. எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். பின்கண்ணாடி துணியோடு சேரும் ஓரத்தையும் தடவிப் பாருங்கள், பசை விட்டிருந்தால் விரல் நுனி உள்ளே போகும். ஓட்டும்போது டாப்பை மூடிக்கொண்டு ஒரு ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாகச் சாய்வாக ஏற்றுங்கள். கூரை இல்லாத உடம்பு கொஞ்சம் முறுக்கத்தான் செய்யும். கதவு கடகடவென்று அடித்தாலோ, இரண்டு பக்கமும் கதவு இடைவெளி ஒரே அளவில் இல்லாவிட்டாலோ அடிபட்ட வண்டியாக இருக்கலாம். அட்வான்ஸ் இதற்கெல்லாம் அப்புறம்தான். "வேறொருவர் வருகிறார்" என்பதை எல்லா ஓனரும் சொல்வார்கள்.

நிலாப்பயணி:
இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். டிரைவர் பக்கம் உலர்ந்திருக்கிறது. பின்சீட்டுக்குக் கீழே இடது பக்கம் அழுத்திப் பிடித்தேன், முட்டி நனைந்துவிட்டது. சன் வைசருக்கு மேலே துணியில் உள்ளங்கை அளவுக்குக் கறை, துடைத்தால் பிசுக்கு. ஓனரிடம் காட்டினேன், முதலில் பேசவே இல்லை, பிறகு விலையைக் குறைப்பதாகச் சொன்னார். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. மெக்கானிக்கோடு மறுபடி போகிறேன். எல்லோருக்கும் மிக்க நன்றி, முக்கியமாக ஆயில்கை அக்காவுக்கு.

ஆயில்கை:
நல்லது. கார்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள வயர் இணைப்புகளில் பச்சை (ஈரத்தால் வரும் அரிப்பு) பூத்திருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பூத்திருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். சுத்தமாக இருந்தால் சீலும் வடிகாலும் செய்யக்கூடிய வேலைதான், எடுத்துக்கொள்ளலாம்.

திருப்புளி:
டைமிங் பெல்ட் ரசீது கேட்டீர்களா?

மினிக்காரன்:
என்ன ஆச்சு, எடுத்தீர்களா?

திருப்புளி:
நிலாப்பயணி, பெல்ட் ரசீது?