கார்புரேட்டர் எஸ்டீமுக்கு எந்த ஏர்-ஃபூயல் கேஜ்?

வணக்கம். என்னிடம் இருப்பது 1996 மாருதி எஸ்டீம், கார்புரேட்டர் வண்டி. ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைப் பாகம்) மாற்றிவிட்டு ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பார்த்தே இதுவரை சமாளித்தேன். முழு ஆக்சிலரேட்டரில் ஏர்-ஃபூயல் விகிதம் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் எத்தனை பங்கு காற்று) 12.5 முதல் 13க்குள் நிற்கிறதா என்று இனி எண்ணாகவே பார்க்க வேண்டும்.

நாரோபேண்ட் வகை ஆக்சிஜன் சென்சார் வேண்டாம். 14.7க்கு மேலா கீழா என்பதைத் தாண்டி அது உருப்படியாக எதுவும் சொல்லாது (ஒரு மெக்கானிக் அதைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தார்). விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் கேஜ்களில் ஏஇஎம் எக்ஸ் சீரிஸா, இன்னோவேட் எம்டிஎக்ஸ்-எல் பிளஸ்ஸா என்று குழப்பம். இரண்டிலும் பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சார்தான். இன்னோவேட்டை வெளிக்காற்றில் வைத்து காலிபரேட் செய்ய வேண்டும்; ஏஇஎம்முக்கு அந்த வேலை இல்லை.

பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள், எதில் சென்சார் அதிக நாள் தாங்கியது? அப்புறம், சென்சார் பொருத்தும் நட்டை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து எவ்வளவு தள்ளி வெல்டிங் வைத்தீர்கள்?