போக்சோ வழக்கில் தண்டனை ஆன பிறகு: அப்பீல் பற்றிச் சில அனுபவங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:
போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில், தண்டனைத் தீர்ப்பு சொன்ன அன்றே ஆளைப் புழல் சிறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வீட்டார் பாரிமுனையில் வக்கீல் தேடி அலைவதிலேயே நாள் கரைந்துவிடுகிறது. ஹைகோர்ட்டில் அப்பீல் போட 60 நாள்தான். மரண தண்டனைக்கு 30. தீர்ப்பு நகல் கேட்டு மனு போட்ட நாளிலிருந்து நகல் தயாரான நாள் வரை இந்தக் கணக்கில் வராது. தயாரான பிறகு போய் வாங்காமல் விட்ட நாள் வரும், பலர் தவறுவது இங்கேதான். கெடு தாண்டிவிட்டால் காரணத்தோடு தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் ஒன்று இலவசம், கேட்டு வாங்குங்கள்.

வியாசர்பாடியிலிருந்து:
பணம் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். சிறையில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் பார்க்க மாட்டார்கள். ஹைகோர்ட் சட்டப்பணிகள் குழுவிடம் கேட்கலாம், 15100-க்குப் போன் செய்யலாம். சிறை அதிகாரியிடம் கொடுத்தே அப்பீல் அனுப்பவும் வழி இருக்கிறது.

ராயபுரத்திலிருந்து:
அப்பீல் போட்டாலே ஆள் வெளியே வந்துவிடுவார் என்று நம்பாதீர்கள். தண்டனையை நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும். ஜாமீனில் இருந்தவருக்கு 3 ஆண்டுக்குள் தண்டனை என்றால், அப்பீல் போடும் வரை கீழ்கோர்ட்டே நிறுத்திவைக்கலாம். மரண தண்டனை, ஆயுள், அல்லது 10 ஆண்டுக்குக் குறையாத சிறை விதிக்கத்தக்க குற்றம் என்றால் அரசு வக்கீல் எழுத்துமூலம் எதிர்க்க வாய்ப்புக் கொடுத்த பிறகே உத்தரவு. அந்தக் கட்டத்தில் சாட்சியங்களை வரிவரியாக அலச மாட்டார்கள். தீர்ப்பைப் படித்ததுமே தெரிகிற ஓட்டை வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது பாதிக்கப்பட்ட குழந்தையின் வயதுச் சான்று. பள்ளி மாற்றுச் சான்றிதழை மட்டும் வைத்து வயதை முடிவு செய்ய முடியாது என்று 2023-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளியின் பிறப்புத் தேதிச் சான்று அல்லது மெட்ரிக் (பத்தாம் வகுப்பு) சான்று, அது இல்லையென்றால் மாநகராட்சி பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அடுத்தது போக்சோ சட்டத்தின் பிரிவு 29. குற்றம் செய்ததாகக் கோர்ட் அனுமானிக்கும், ஆனால் அடிப்படைச் சங்கதிகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்திருக்க வேண்டும். நிரூபித்ததா என்பதுதான் அப்பீலின் உயிர்நாடி.

எண்ணூரிலிருந்து:
குழந்தை பக்கம் நிற்பவர்களுக்கும் இதில் உரிமை இருக்கிறது. நிறுத்திவைப்பு மனுவில் அவர்களும் தங்கள் தரப்பைச் சொல்லலாம். குறைந்த பிரிவில் தண்டித்திருந்தாலோ இழப்பீடு போதவில்லை என்றாலோ அவர்களே அப்பீல் போகலாம். அப்பீல் காகிதம் எதிலும் குழந்தையின் பெயர், பள்ளி, தெரு தெரியக் கூடாது. சமாதானம் பேசுகிறோம் என்று தயவுசெய்து யாரும் அந்த வீட்டுப் படியேறாதீர்கள். அந்தக் குழந்தையை மறுபடி நடுங்க வைக்கும் செயல் அது. கிடைத்த ஜாமீனும் ரத்தாகலாம்.