340 பக்க எச்.ஓ.ஏ. ஆவணங்கள்: எதை முதலில் படிப்பது?

முதல்_வீடு:
கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் பக்கம் ஒரு காண்டோவுக்கு (அடுக்குமாடி வீடு) நாங்கள் சொன்ன விலையை விற்பவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். நேற்று எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) ஆவணங்கள் வந்தன, 340 பக்கம். மொத்தம் 96 வீடுகள், மாதக் கட்டணம் 485 டாலர். பின்வாங்குவதென்றால் அடுத்த வெள்ளிக்குள் சொல்லிவிட வேண்டும். நாய் வளர்க்கலாமா, ஜன்னல் திரை என்ன நிறத்தில் இருக்கலாம் என்று படிப்பதிலேயே பாதி இரவு போயிற்று. "எல்லாம் வழக்கமான காகிதங்கள்தான்" என்கிறார் ஏஜென்ட். ஓரிடத்தில் ரிசர்வ் நிதி (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு) 38 சதவீதம் என்று இருக்கிறது. பயப்பட வேண்டிய எண்ணா இது?

பழைய_பொருளாளர்:
அவருக்கு வழக்கமான காகிதம்தான். கடனைக் கட்டப்போவது நீங்கள். இதே மாநிலத்தில் ஒரு சங்கத்தின் வரவு செலவைச் சில காலம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாயையும் திரையையும் ஓரமாக வையுங்கள். முதலில் எடுக்க வேண்டியவை இரண்டுதான்: ரிசர்வ் ஆய்வறிக்கை (எது இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், அதற்கு எவ்வளவு சேர்த்திருக்க வேண்டும் என்ற கணக்கு), கடந்த 12 மாத நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புகள். குறிப்புகள் அந்த ஆவணக் கட்டுக்குள் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். வாங்குபவர் கேட்டால் தந்தாக வேண்டும் என்பது சட்டம். கேட்காதவருக்குப் பெரும்பாலும் வராது.

38 சதவீதம் என்றால், கூரை, பெயின்ட், பார்க்கிங் தரை எல்லாம் இதுவரை தேய்ந்த தேய்மானத்துக்குக் கையில் இருக்க வேண்டிய 100 ரூபாயில்... மன்னிக்கவும், 100 டாலரில் 38தான் இருக்கிறது. 70க்கு மேல் இருந்தால் நிம்மதி என்பார்கள். சதவீதத்தைவிட, அறிக்கைச் சுருக்கத்தில் 'ஒரு வீட்டுக்கு எவ்வளவு பற்றாக்குறை' என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள்.

"கட்டணத்தை ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் உயர்த்தவோ, பட்ஜெட்டில் 5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கட்டணம் (மாதக் கட்டணத்துக்கு மேல் தனி வசூல்) போடவோ உறுப்பினர் ஓட்டு வேண்டும்" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். உண்மைதான். உங்கள் சங்கத்தின் ஆண்டு வரவு (96 × 485 × 12) 5,58,720 டாலர். பட்ஜெட்டும் அதே அளவு என்று வைத்துக்கொண்டால் 5 சதவீதம் 27,936, அதாவது ஒரு வீட்டுக்கு 291 டாலர். ஆனால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தான பழுது தெரியவந்தால் அதைச் சரிசெய்ய அந்த வரம்பு கிடையாது. அப்படிப்பட்ட பழுது வரக்கூடிய மரத்தால் தாங்கப்பட்ட பால்கனிகள் இருக்கின்றனவா? அவற்றின் முதல் பரிசோதனையை 2025 ஜனவரி 1க்குள் முடித்திருக்க வேண்டும். அந்த அறிக்கையும் ஆவணக் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்று. மூன்றாண்டுக்கு ஒருமுறை நேரில் பார்த்து ரிசர்வ் ஆய்வு செய்ய வேண்டும். முந்தைய ஆய்வையும் வாங்கி, 'மீதி ஆயுள்' என்ற பத்தியை மட்டும் இரண்டிலும் ஒப்பிடுங்கள்.

மாடிவீடு:
பிற்பாடு வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அந்த விதியையும் ஒரு பார்வை பாருங்கள். கலிஃபோர்னியாவில் சங்கம் வாடகை வீடுகளுக்கு 25 சதவீதத்துக்குக் கீழ் உச்சவரம்பு வைக்க முடியாது. 30 நாளோ அதற்குக் குறைவாகவோ விடுவதைத் தடுக்கலாம். மற்றபடி பொருளாளர் சொன்னதுதான். 2021இல் ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்த பிறகு, கடன் கொடுப்பவர்களும் தள்ளிப்போட்ட பழுதுகளைப் பற்றித் துருவிக் கேட்கிறார்கள்.

முதல்_வீடு:
முந்தைய ஆய்வு கிடைத்தது. மூன்றாண்டுக்கு முன் கூரையின் மீதி ஆயுள் 4 ஆண்டு. புதியதில் 5 ஆண்டு! இடையில் கூரையை மாற்றியதாக எங்கும் இல்லை. அக்டோபர் குறிப்பில் மட்டும் "மூன்று வீடுகளில் கசிவு, தற்காலிகமாக ஒட்டப்பட்டது" என்று ஒரு வரி. ஒரு வீட்டுக்குப் பற்றாக்குறை 6,979 டாலர். மாதாமாதம் "மூடிய அமர்வு: சட்ட விவகாரம்" என்றும் வருகிறது.

பழைய_பொருளாளர்:
கூரைக்கு வயது குறைகிற அதிசயத்தைப் பார்த்தீர்களா! ஆயுளை நீட்டினால் இன்று கையில் இருக்க வேண்டிய தொகை குறையும், சதவீதம் ஏறும். அப்படி ஏற்றியும் 38தான் என்றால் உண்மை நிலவரம் அதற்கும் கீழே. 6,979 என்பதும் அந்த நீட்டிய கணக்கில் வந்ததுதான்.

ஏஜென்ட் மூலம் மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். கூரையின் ஆயுளை எந்த ஆதாரத்தில் மாற்றினார்கள்? கூரைக்கு ஏதாவது ஒப்பந்தக்காரரிடம் விலைப்புள்ளி வாங்கியிருக்கிறார்களா? அந்தச் சட்ட விவகாரத்தில் சங்கம் வாதியா, பிரதிவாதியா? மூடிய அமர்வின் குறிப்புகளைத் தரமாட்டார்கள், ஆனால் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு பொதுப் பதிவில் இருக்கும். மாவட்ட நீதிமன்றத் தளத்தில் சங்கத்தின் பெயரைத் தேடினாலே தெரியும். வெள்ளிக்குள் பதில் வராது என்று தோன்றினால் இப்போதே அவகாசத்தை எழுத்தில் நீட்டிக்கொள்ளுங்கள்.

முதல்_வீடு:
அவகாசம் கேட்டுவிட்டோம். வீட்டுக் காப்பீட்டில் சிறப்புக் கட்டணத்துக்கும் இழப்பீடு உண்டு என்கிறார்களே, அது கூரைக்கு உதவுமா?

பழைய_பொருளாளர்:
தீ போன்ற காப்பீட்டுக்குள் வரும் விபத்தால் விதிக்கப்பட்ட கட்டணத்துக்குத்தான் அது. பழசாகிப்போன கூரைக்குக் கிடைக்காது. கூரைக்காக உங்கள் தலையில் விழக்கூடிய தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பத்திரம் முடிவதற்குள் சிறப்புக் கட்டணம் அறிவிக்கப்பட்டால் யார் கட்டுவது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.