தமிழ் நிகழ்ச்சிக்குள் 10 நிமிடம் ஆங்கிலம்: எஃப்சிசி கேப்ஷன் விலக்கு செல்லுமா?

வாரநிகழ்ச்சி:
வணக்கம். அமெரிக்காவில் ஒரு உள்ளூர் சேனலில் நேரம் வாங்கி வாரம் அரை மணி நேரத் தமிழ் நிகழ்ச்சி ஒளிபரப்புகிறோம். இதுவரை கேப்ஷன் (பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டுவது) போட்டதில்லை. இப்போது நிலையம், "கேப்ஷன் சான்று தாருங்கள், இல்லாவிட்டால் எந்த விலக்கில் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள்" என்கிறது. ஆண்டு வருமானம் 30 லட்சம் டாலருக்குக் கீழ் இருந்தால் விலக்கு உண்டாமே, அதையே எழுதிவிடலாமா?

இன்னொன்று. இரண்டு மாதமாகக் கடைசி 10 நிமிடம் இளைஞர் பகுதி, முழுக்க ஆங்கிலம். அதற்கு மட்டும் கேப்ஷன் செய்து அனுப்பினோம். "கோப்பில் கேப்ஷனே இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். எங்கள் கணினியில் எழுத்து நன்றாகவே தெரிகிறது.

விதி79:
30 லட்சம் விலக்கை எழுதாதீர்கள், அது உங்களுக்கானதே இல்லை. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் கேப்ஷன் விதி, 47 சிஎஃப்ஆர் 79.1, பார்ப்பது சேனலின் (அல்லது துணைச் சேனலின்) முந்தைய ஆண்டு மொத்த வருமானத்தை. நிகழ்ச்சி தயாரிப்பவரின் வருமானத்தை அல்ல. அந்த விலக்கு இருக்கும் சேனலும் கேப்ஷனுக்குச் செலவு செய்ய வேண்டாம், அவ்வளவுதான். கேப்ஷனோடு வந்த நிகழ்ச்சியை அப்படியே கடத்திவிட வேண்டும்.

"உள்ளூர்த் தயாரிப்பு, மறு ஒளிபரப்பு மதிப்பு இல்லை" என்று ஒரு விலக்கு இருக்கிறது. பலரும் அதில்தான் போய் மாட்டுவார்கள். நிகழ்ச்சியை நிலையமே தயாரித்திருந்தால்தான் அது பொருந்தும். நேரம் வாங்கிப் போடுபவருக்குக் கிடையாது.

உங்களுக்கு உரியது மொழி விலக்கு, 79.1இல் டி பிரிவின் 3ஆவது. ஒலி ஆங்கிலமும் ஸ்பானிஷும் அல்லாத வேறு மொழியில் இருந்தால் கேப்ஷன் கட்டாயமில்லை. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், தானாகவே பொருந்தும். டெலிப்ராம்ப்டரில் ஓடும் எழுத்தை அப்படியே கேப்ஷனாக்க முடிகிற நிகழ்ச்சிக்கு மட்டும் இது பொருந்தாது என்று ஒரு கொக்கி உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியின் கேப்ஷன் தரமான 608இன் எழுத்துத் தொகுப்பில் தமிழே கிடையாது, அதனால் அந்தக் கொக்கி உங்களைப் பிடிக்காது.

இடிப்பது அந்த 10 நிமிடம்தான். அரை மணியில் மூன்றில் ஒரு பங்கு ஆங்கிலம் என்றால் முழு நிகழ்ச்சிக்கும் மொழி விலக்கு கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆங்கிலப் பகுதிக்குக் கேப்ஷன் போடுங்கள், தமிழ்ப் பகுதிக்கு விலக்கைக் குறிப்பிடுங்கள். "தேங்க்யூ", "வீக்எண்ட்" எல்லாம் கணக்கில் வராது, பயப்படாதீர்கள்.

எடிட்டிங்மேசை:
கோப்பு எந்த வடிவம்? எழுத்து வீடியோவுக்குள் இருக்கிறதா, பக்கத்தில் தனிக் கோப்பாக இருக்கிறதா?

வாரநிகழ்ச்சி:
எம்பி4, கூடவே அதே பெயரில் எஸ்ஆர்டி (நேரத்தோடு எழுத்து இருக்கும் தனிக் கோப்பு).

எடிட்டிங்மேசை:
அதனால்தான். உங்கள் பிளேயர் எஸ்ஆர்டியைத் தானாக எடுத்துக் காட்டுகிறது. நிலையத்தில் ஒளிபரப்பை ஓட்டும் பிளேஅவுட் சர்வர் தேடுவது வீடியோ தரவுக்குள் பதிந்த 608 அல்லது அதன் டிஜிட்டல் வடிவமான 708 கேப்ஷனை. சில நிலையங்கள் எஸ்சிசி கோப்பை (608 கேப்ஷன் மட்டும் இருக்கும் கோப்பு) தனியாக வாங்கித் தாங்களே பதித்துக்கொள்வார்கள். முதலில் அதைக் கேளுங்கள்.

எஸ்சிசி என்றால் ஒரு வரிக்கு 32 எழுத்து, ஒரே நேரத்தில் அதிகபட்சம் 4 வரி. தொடக்கக் காலக்குறியையும் (மணி, நிமிடம், நொடி, ஃபிரேம்) பாருங்கள். வீடியோ 00:00:00;00இல் தொடங்கி எஸ்சிசி 01:00:00;00இலிருந்து எண்ணினால் கேப்ஷன் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், அரை மணி நிகழ்ச்சியில் ஒரு எழுத்துகூட வராது. அப்போதும் "கேப்ஷனே இல்லை" என்றுதான் பதில் வரும்.

வாரநிகழ்ச்சி:
எஸ்சிசி வாங்கிக்கொண்டார்கள், நன்றி. இப்போது கேப்ஷன் தெரிகிறது, ஆனால் பேச்சுக்குப் பின்னால் கிட்டத்தட்ட இரண்டு நொடி தாமதமாக வருகிறது. எஸ்ஆர்டியில் சரியாக இருந்தது.

எடிட்டிங்மேசை:
எஸ்சிசியை நோட்பேடில் திறந்து காலக்குறியில் கடைசி இரண்டு எண்ணுக்கு முன்னால் உள்ள குறியைப் பாருங்கள். கோலன் (:) என்றால் நான்-டிராப், செமிகோலன் (;) என்றால் டிராப் ஃபிரேம். நொடிக்கு 29.97 ஃபிரேம் ஓடும் வீடியோவில் நான்-டிராப் நொடிக்கு 30 என்றே எண்ணும். அதனால் அது கடிகாரத்தோடு ஒத்துப்போகாது, மணிக்கு 3.6 நொடி பிசகும். உங்கள் எஸ்ஆர்டி கடிகார நேரத்தில் இருந்திருக்கும், மாற்றும்போது கோலனோடு எழுதப்பட்டிருக்கும். 28ஆவது நிமிடத்தில் பிசகு 1.7 நொடி. நீங்கள் சொல்லும் தாமதம் இதேதான்.

கோலனை வெறுமனே செமிகோலனாக மாற்றாதீர்கள். டிராப் ஃபிரேமில் 10, 20 போன்ற நிமிடங்கள் தவிர ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 ஃபிரேம் எண்கள் இருக்காது, பிசகைச் சரிக்கட்ட அவற்றைத் தாண்டி எண்ணும். கைவைத்தால் இல்லாத எண் உள்ளே வந்துவிடும். எஸ்ஆர்டியிலிருந்து 29.97 டிராப் ஃபிரேம் என்று தேர்ந்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.

விதி79:
இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. பார்வையாளரின் மொழியிலேயே திரையில் பதித்த எழுத்து, அதாவது ஓப்பன் கேப்ஷன், மூடிய கேப்ஷனுக்கு (பார்ப்பவர் வேண்டும்போது மட்டும் இயக்குவது) பதிலாகச் செல்லும் என்று 79.1 சொல்கிறது. அந்த 10 நிமிடத்துக்கு ஆங்கில எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடலாம். தானியங்கி எழுத்தைத் திருத்தாமல் போடாதீர்கள். தரவிதி நான்கு: துல்லியம், நேர ஒத்திசைவு, முழுமை, எழுத்து திரையில் உட்காரும் இடம். பேசுபவரின் பெயர்ப்பட்டையை எழுத்து மறைத்தால் நான்காவதில் தோற்றுவிடும்.

வாரநிகழ்ச்சி:
சான்றில் என்ன எழுதுவது? பணக் கஷ்டம் என்று மனு போட்டால் ஆகாதா?

விதி79:
அந்த மனு வேறு. கேப்ஷனுக்கான விலைப்புள்ளிகள், நிதி அறிக்கைகள், நிலையத்திடமும் ஆதரவாளர்களிடமும் உதவி கேட்டதற்கான சான்று, எல்லாவற்றுக்கும் உறுதிமொழி. பிறகு பொது அறிவிப்பு, கருத்துகளுக்கு 30 நாள், எதிர்வாதத்துக்கு 20 நாள். மனு நிலுவையில் இருக்கும்வரை விலக்கு உண்டுதான், ஆனால் 10 நிமிடத்துக்காக இத்தனை காகிதமா?

சான்று எளிது. எஃப்சிசியின் பதிவுத் தளமான கோர்ஸில் எஃப்ஆர்என் என்ற பதிவு எண் எடுங்கள். எஃப்சிசியின் கேப்ஷன் பதிவேட்டில் தொடர்பு விவரத்தோடு பதிவு செய்து, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1க்குள் சான்றளிக்க வேண்டும். "விலக்கு உண்டு" என்று மொட்டையாக எழுதினால் போதாது, எந்த விலக்கு என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட வேண்டும். ஆங்கிலப் பகுதி தரவிதிக்கு உட்பட்டது, மீதிக்கு மொழி விலக்கு. அதன் நகலை நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். கேப்ஷன் கோளாறு நடந்த 60 நாளுக்குள் பார்வையாளர் புகார் கொடுக்கலாம், அப்போது நிலையம் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.