300 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) கடைக் கணக்கை வெளியில குடுக்கணுமாம், யாரு காதுல பூ சுத்துறீங்க?

செந்தூல் மளிகை:
போன ஞாயித்துக்கிழமை கோலாலம்பூர் (கேஎல்) பிரிக்பீல்ட்ஸ்ல சின்ன வியாபாரிங்களுக்கு இலவச பயிற்சின்னு கூப்பிட்டாங்க, போய்த் தொலைச்சேன். கோட்டு போட்ட தம்பி ஒருத்தர் மேடையில நின்னுக்கிட்டு "கணக்கு, சம்பளம், இபிஎஃப்ங்குற தொழிலாளர் சேமநிதி எல்லாத்தையும் வெளி ஆளுகிட்ட குடுத்து அவுட்சோர்ஸ் பண்ணிடுங்க, மாசம் 300 வெள்ளிதான், 1700 வெள்ளி குடுத்து கிராணி (கிளார்க்) எதுக்கு"ன்னு கேக்குறாரு, கூட்டம் கை தட்டுது. 300 வெள்ளிக்கு எவன் செய்யுறான், காட்டுங்கப்பா. என் கடையில பாதி வரவு 555 புக்குல, அதான் சின்ன பாக்கெட் நோட்டுல இருக்கு, மீதி பில்லு பருப்பு மூட்டைக்கு அடியில கெடக்கு, அதுல பாதிக்கு எழுத்தே வெளுத்துப் போச்சு, தேங்காய் எண்ணெய் கறை வேற. இதைப் படிச்சுப் பாக்கவே 300 கேப்பான்.

கணக்குப்பிள்ளை கேஎல்:
முதல்ல தப்பைத் திருத்திக்கங்க அண்ணே. கிராணிக்கு 1700 இல்ல, 1921. 1700 சம்பளத்துக்கு முதலாளி பங்கு இபிஎஃப் 13 பெர்சென்ட், அது மட்டும் 221. சொக்சோங்குற தொழிலாளர் காப்புறுதியும் ஈஐஎஸ்ங்குற வேலையிழப்புக் காப்புறுதியும் அதுக்கு மேல. லீவு, போனஸ் எல்லாம் நான் இன்னும் சேர்க்கவே இல்ல.

செந்தூல் மளிகை:
நான் கேட்டது 300 பத்தி. நீங்க 1921னு வேற பாட்டு பாடுறீங்க.

கணக்குப்பிள்ளை கேஎல்:
1921 தெரியாம 300 அதிகமா கம்மியான்னு எப்படிச் சொல்லுவீங்க? நானே இந்த வேலைதான் செய்யுறேன். மாசத்துக்கு எத்தனை பில்லு, எத்தனை ஆளுன்னு பாத்துத்தான் விலை.

செந்தூல் மளிகை:
ஆங், பூனை வெளிய வந்துடுச்சு. அப்ப 300 இல்ல. அதைத்தான் நான் மொதல்ல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்.

பட்டர்வொர்த் பையன்:
அண்ணே உங்களுக்கு 300 மேல என்ன கோவமோ தெரியல. நான் ஒர்க்ஷாப் வெச்சிருக்கேன், ஸ்ப்ரே பெயிண்ட் வேலை பூரா பக்கத்து லைன்ல இருக்குற கடைக்குத்தான் போகுது, காரு காலையில போனா மறுநாள் வருது, நான் ஸ்ப்ரே பூத் போட்டு ஒரு பெயிண்டருக்கு மாசம் முழுக்க சம்பளம் குடுத்து அவன் பாதி நாள் சும்மா உக்காந்திருக்குறதைப் பாத்து வயிறு எரியணுமா? வேலை இருந்தா காசு, இல்லன்னா இல்ல. நம்ம பினாங்கு வளர்ந்ததே இப்படித்தான். 1972ல அமெரிக்க சிப் கம்பெனி இன்டெல் இங்க பாயான் லெப்பாசுக்கு எதுக்கு வந்தான்? அசெம்பிளி வேலைய வெளியில செய்யத்தானே.

செந்தூல் மளிகை:
தம்பி, இன்டெல் வந்து சொந்த ஃபேக்டரி போட்டான். அடுத்தவன் கையில கணக்கு புக்கைத் தூக்கிக் குடுத்துட்டு போகல. பினாங்குக்காரங்க எதுக்கெடுத்தாலும் பாயான் லெப்பாஸ், நாசி கண்டார், வேற பேச்சே கிடையாது.

பட்டர்வொர்த் பையன்:
கேஎல்காரங்களுக்கு பார்க்கிங்கும் ஜாமும் தவிர பேச என்ன இருக்கு. நாசி கண்டாரைப் பத்தி நீங்க பேசாதீங்க, உங்க ஊருல சோத்துல ஊத்துறது குழம்பு இல்ல, மஞ்சத் தண்ணி.

செந்தூல் மளிகை:
விஷயத்துக்கு வாங்க. இபிஎஃப் ஒவ்வொரு மாசமும் 15ந்தேதிக்குள்ள கட்டணும். அந்த 300 வெள்ளிக்காரன் மறந்துட்டான்னா அபராதம் யாருக்கு வரும்? அவனுக்கா? சட்டம் என் கழுத்தைத்தான் பிடிக்கும், முதலாளி நான்தானே. என் கூட்டாளி ஒருத்தருக்கு இதே கதை ஆச்சு, ஏஜென்ட் போனையே எடுக்கல.

கணக்குப்பிள்ளை கேஎல்:
பொறுப்பு முதலாளிக்குத்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒழுங்கான ஆளு உங்க காசைத் தொடவே மாட்டான், ஃபாரம் ரெடி பண்ணித் தருவான், நீங்க உங்க பேங்குல இருந்து நேரா கட்டுவீங்க. கட்டினது ரசீதோட உங்ககிட்ட இருக்கும். வருமான வரிக்கு 7 வருஷக் கணக்கு வெச்சிருக்கணும், பருப்பு மூட்டைக்கு அடியில இல்ல. இ-இன்வாய்ஸ், அதான் பில்லை ஆன்லைன்ல வரி ஆபீசுக்கு அனுப்புறது, அது வேற 2024 ஆகஸ்ட்டுல வருஷம் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல விக்குறவங்ககிட்ட ஆரம்பிச்சு படிப்படியா கீழ இறங்கியிருக்கு.

செந்தூல் மளிகை:
100 மில்லியனா? என் கடையில 100 மில்லியன் எறும்புதான் இருக்கு. அதுக்கான அரசாங்க மைஇன்வாய்ஸ் இலவசம்தானே, தேவைப்பட்டா என் பையனே தட்டிடுவான்.

நடுநிலை நாகு:
சண்டை வேணாம் பாஸ். சில வேலைய வெளியில குடுக்கலாம், சிலதைக் குடுக்கக்கூடாது. சென்டிரியான் பெர்ஹாட் (பிரைவேட் லிமிடெட் கம்பெனி) வெச்சிருந்தா கம்பெனி செக்ரட்டரி கட்டாயம், சின்ன கம்பெனிக்காரன் எவனாச்சும் அதுக்கு சொந்தமா ஆளு வெச்சிருக்கானா? வெளியிலதானே எடுக்குறோம்.

செந்தூல் மளிகை:
என்னோடது எண்டர்பிரைஸ், சென்டிரியான் பெர்ஹாட் இல்ல. எனக்கு செக்ரட்டரியும் வேணாம் உங்க நடுநிலையும் வேணாம். 300க்கு பதில் சொல்லுங்க.

கேட்டரிங் அக்கா:
இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். செந்தூல் அண்ணே, போன தீபாவளிக்கு உங்க கடை பேரு ஒட்டி, உங்க போன் நம்பர் போட்டு, பாக்கெட் பாக்கெட்டா முறுக்கு வித்தீங்களே, அதை யாரு சுட்டது? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நானும் எங்க அம்மாவும் அடுப்புக்கு முன்னால நின்னோம், மறுநாள் காலையில நீங்க வேன்ல வந்து ஸ்டிக்கரை ஒட்டிக்கிட்டே ஏத்தினீங்க. அது அவுட்சோர்ஸ் இல்லையா?

செந்தூல் மளிகை:
அது கொள்முதல். வாங்கி விக்குறது. இதையும் அதையும் ஏன் குழப்புறீங்க?

கேட்டரிங் அக்கா:
கொள்முதல்னா காசு குடுப்பாங்க அண்ணே. எனக்கு இன்னும் 80 வெள்ளி பாக்கி.

பட்டர்வொர்த் பையன்:
அந்த 80 வெள்ளி எந்த 555 புக்குல இருக்கு அண்ணே? 😂

செந்தூல் மளிகை:
அந்த 80 உடைஞ்ச முறுக்குக்கு கழிச்சது. அப்பவே சொன்னேன். இங்க அது பேச்சு இல்ல. என் கிராணிப் பொண்ணு ஆறு வருஷமா இருக்கு, எந்த கஸ்டமர் எப்ப சம்பளம் வாங்குவான், எவன்கிட்ட வெள்ளிக்கிழமை கேட்டா கடன் வசூலாகும்னு அதுக்கு அத்துப்படி. 300 வெள்ளிக்காரன் இதைச் செய்வானா? ஒருத்தன்கூட பதில் சொல்லல பாருங்க.

கணக்குப்பிள்ளை கேஎல்:
வசூல் வேற, கணக்கு வேற. அந்தப் பொண்ணுக்கு மாசம் 1921 ஆகுதா இல்லையா?

செந்தூல் மளிகை:
அது என் கொழுந்தியா பொண்ணு. குடும்பத்துப் புள்ள.

கணக்குப்பிள்ளை கேஎல்:
அப்படின்னா?

செந்தூல் மளிகை:
அப்படின்னா அப்படித்தான்.

கணக்குப்பிள்ளை கேஎல்:
அண்ணே, 2025 பிப்ரவரியில குறைஞ்சபட்ச சம்பளம் 1700னு சட்டம் வந்தப்ப அஞ்சு பேருக்குக் கீழ இருந்த கடைக்கு மட்டும் ஆகஸ்ட் வரைக்கும் டைம் குடுத்தாங்க. அதுவும் முடிஞ்சு போச்சு. குடும்பத்துப் புள்ளைக்கு ஒரு கணக்கு, சட்டத்துக்கு ஒரு கணக்கா? நீங்க 1921 குடுக்கலன்னா 300 அதிகமாத்தான் தெரியும்.

செந்தூல் மளிகை:
என் கடை சம்பளத்தைக் கேக்க நீ யாரு? லேபர் ஆபீசரா? வேலை பிடிக்க வந்த ஏஜென்ட்டு, இதுல எனக்கு சட்டம் சொல்லித் தர்றான். பெரிய ஆபீசா இருந்தா 300க்கு மேல சேவை வரி வேற 8 பெர்சென்ட் போடுவீங்க, 2024 மார்ச்சுல இருந்து, அதைச் சொன்னாரா அந்தக் கோட்டுக்காரரு? சொல்லல. நீங்களும் சொல்லல.

கணக்குப்பிள்ளை கேஎல்:
நான் பெரிய ஆபீஸ் இல்ல, எனக்கு அந்த வரி கிடையாது. 1921.

செந்தூல் மளிகை:
300.

நடுநிலை நாகு:
அக்கா, முறுக்கு கிலோ என்ன விலை? ரவாங்குக்கு அனுப்புவீங்களா?

செந்தூல் மளிகை:
இங்க கடை போடாதீங்க, இது கணக்கு பத்தின பேச்சு.

கேட்டரிங் அக்கா:
கிலோ 28 தம்பி, குறைஞ்சது 5 கிலோ எடுக்கணும், டெலிவரி தனி. பாதி முன்பணம் போதும். செந்தூல்ல இருந்து யாராச்சும் கேட்டா மட்டும் முழுசா முன்னாலயே கட்டணும்.