சென்னை ஓஎம்ஆரில் உயரமாகக் கட்ட விட்டால் மெட்ரோவில் கூட்டம் ஏறுமா?

காரப்பாக்கம்வாசி:
மெயின் ரோட்டிலிருந்து 700 மீட்டர் உள்ளே வாடகைக்கு இருக்கிறேன். மொட்டை மாடியில் நின்றால் மாதவரம் - சிறுசேரி மெட்ரோவின் தூண்கள் தெரியும். எங்கள் தெருவில் பழைய வீடுகளை இடித்துவிட்டு அடுக்ககம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "ஆள் பெருகினால் ரயிலிலும் ஆள் ஏறுவார்கள்" என்கிறார் வீட்டுக்காரர். ஆனால் இங்கே நடைபாதையே கிடையாது. தண்ணீர் லாரி வந்தால் பையனை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறேன். உயரத்துக்கு அனுமதி கொடுத்தால் மட்டும் போதுமா?

பிளான் வரைபவர்:
போதாது. பறக்கும் ரயிலில் இதைக் கண்ணால் பார்த்தவன் நான். 2004இல் திருவான்மியூர் வரை ஓட ஆரம்பித்ததும் மந்தைவெளியில் ஏறிப் பல வருடம் போய்வந்தேன். காலை ஒன்பது மணிக்குத் திருவான்மியூரில் பெட்டியே காலியாகும். டைடல் பார்க் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் படிக்கட்டில் தோள் உரச இறங்குவார்கள். அதே ரயில் கிரீன்வேஸ் ரோட்டில் நின்றால் இறங்குபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே அமைச்சர்கள், நீதிபதிகள் பங்களாக்கள், அந்தப் பக்கம் அடையாறு ஆறு. நடந்து வந்து ஏற யார் இருக்கிறார்கள்? பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் பாதை போட்டதால் நிலம் எடுக்கும் செலவு குறைந்தது, சரி. ஆனால் பல ஸ்டேஷன்களுக்கு ஒரு பக்கம் வெறும் தண்ணீர்தான்.

இப்போது கட்டட அனுமதிக்கு வரைபடம் போடுகிறேன். 2019 விதிகளின்படி உயரமான கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 3.25. அகலமான ரோடு இருந்து பிரீமியம் கட்டணமும் கட்டினால் அதற்கு மேல் 50 சதவீதம் வரை கிடைக்கும். பரப்பு ஏற ஏற கார் நிறுத்துமிடமும் ஏற வேண்டும். தூணுக்குத் தூண் நடுவே இரண்டரைக்கு ஐந்து மீட்டர் கட்டங்களை அடுக்குவதிலேயே என் பாதி நாள் போய்விடுகிறது. காருக்கு இடம் சேர்த்து வீட்டை விற்றால், வாங்குகிறவர் காரும் வாங்கத்தான் செய்வார். ஸ்டேஷன் பக்கம் எஃப்எஸ்ஐயை ஏற்றுகிற கையோடு பார்க்கிங்கைக் குறைக்க வேண்டும்.

வர்ஜீனியா தமிழன்:
நான் அமெரிக்காவில் ஆர்லிங்டனில், பால்ஸ்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே மெட்ரோவை நெடுஞ்சாலை நடுவே கொண்டுபோகத்தான் முதலில் யோசித்தார்கள். கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் விடாப்பிடியாக நின்று, பழைய கடைத்தெருவான வில்சன் பூலவர்டை ஒட்டிப் பூமிக்கடியில் வரவைத்தது. 1979இல் பால்ஸ்டன் வரை திறந்தார்கள். ஸ்டேஷன் வாசலில்தான் கட்டடங்கள் மிக உயரம். தள்ளிப் போகப் போக இறங்கிக்கொண்டே வந்து, சில தெருக்கள் தாண்டினால் தோட்டம் வைத்த தனி வீடுகள். எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறோம், கார் ஒன்றுதான். வார நாட்களில் அதை எடுப்பதே இல்லை, ஏனென்றால் மளிகைக்கடையும் ஸ்டேஷனும் ஒரே நடைபாதையில் இருக்கின்றன.

மாலை வகுப்பு டீச்சர்:
துரைப்பாக்கம் கண்ணகி நகரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். சென்னைக்குள் குடிசையில் இருந்தவர்களை 2000 முதல் இங்கே கொண்டுவந்து குடிவைத்தார்கள். என் மாணவி ஒருத்தியின் அம்மா அடையாறில் மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறார், விடியற்காலை பஸ்ஸில் போகிறார். 2021இல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு, மத்தியானம் வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டு மறுபடி வேலைக்குப் போகிறார். பஸ்ஸை நம்பி வாழ்கிறவர்கள் இவர்களும், உள்தெருக்களில் ஒற்றை அறையில் இருக்கும் செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர்களும்தான். அந்த அறைகளை இடித்து மூன்று படுக்கையறை வீடு கட்டினால், தினமும் பஸ் ஏறுகிறவர் கேளம்பாக்கம் தாண்டிப் போவார், கார் வைத்திருப்பவர் வருவார். ஸ்டேஷன் பக்கத்தில் சின்ன வீடுகளும் கட்டாயம் கட்டச் சொல்ல வேண்டும். கண்ணகி நகருக்குள்ளிருந்து ஸ்டேஷனுக்குச் சிற்றுந்தும் வேண்டும்.

காரப்பாக்கம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை நடந்து, படம் எடுத்து, தெரு அகலத்தையும் எழுதிக் கவுன்சிலரிடம் கொடுக்கப் போகிறேன். பிளான் வரைபவர் சார், அகலத்தை எப்படி அளப்பது? தார் போட்ட இடம் மட்டுமா?

பிளான் வரைபவர்:
இல்லை தம்பி, இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர் வரைக்கும். மூன்று நான்கு இடத்தில் அளந்து, இருப்பதிலேயே குறைந்த அளவை எழுதுங்கள். டிரான்ஸ்பார்மர், மின்கம்பம் எங்கே நிற்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். வரைந்து தருகிறேன்.