1989ல கட்டின வீடு, ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப் மொத்தமும் மாத்த 1,85,000 கேக்குறாங்க. நியாயமான ரேட்டா?

குரோம்பேட்டை வீடு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா 1989ல கட்டின வீடு, கீழயும் மேலயும் ஒரு போர்ஷன், மொத்தம் ரெண்டு பாத்ரூம், ரெண்டு கிச்சன், பின்னாடி துணி துவைக்கிற கல்லு பக்கம் ரெண்டு குழாய். எல்லாமே சுவத்துக்குள்ள போற ஜிஐ பைப். போர் தண்ணி, நல்ல உப்பு. நாலு மாசமா காலைல முதல் பக்கெட் செம்மண் கலர்ல வருது, கீழ பாத்ரூம் சுவர்ல வெளிப்பக்கம் ஓதம் ஏறி பெயிண்ட் பொரிஞ்சு கொட்டுது. போன வாரம் கிச்சன் குழாய்க்கு கீழ கசியுதுன்னு பிளம்பர கூப்பிட்டோம், அவர் ஒரு எல்போவ (வளைவு ஜாயிண்ட்) கழட்ட ரெஞ்ச் போட்டதும் அதுக்கு மேல ரெண்டு பைப்ப சேக்குற சாக்கெட்ல கசிய ஆரம்பிச்சிருச்சு, அத சரி பண்ணப்போனா அதுக்கு மேல. கடைசில ஒரு முழம் பைப்ப அறுத்து கைல குடுத்தார். முக்கால் இஞ்ச் பைப், உள்ள துரு கட்டி கட்டியா ஏறி ஒரு பென்சில் நுழையிற அளவுக்குத்தான் ஓட்டை இருக்கு. அப்பா அத ரொம்ப நேரம் கைல வச்சு பாத்துட்டே இருந்தார், இந்த தண்ணியத்தானடா இத்தன வருஷம் குடிச்சோம்னு ஒரே வார்த்தை சொன்னார்.

இப்போ மூணு பேர்கிட்ட கேட்டுட்டேன். ஒருத்தர் மொத்தமா 1,85,000, டைல்ஸ் வேலை சேத்து, அரை பேப்பர்ல ஒரே வரி எழுதி குடுத்தார். இன்னொருத்தர் 70,000 போதும் மத்தத அப்புறம் பாத்துக்கலாம்ங்கிறார், அந்த மத்தது என்னன்னு சொல்லல. மூணாவது ஆள் பைப்பே மாத்த வேணாம் ஆசிட் ஊத்தி கிளீன் பண்ணிரலாம், 8,000 ஆகும்ங்கிறார். தை மாசம் தங்கச்சி கல்யாணம் வச்சிருக்கோம், கையிருப்பு அதுக்குத்தான் இருக்கு, அதனாலதான் கேக்குறேன். ஜிஐயே திரும்ப போடலாமா இல்ல சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பா, உண்மையில எவ்ளோ ஆகும்? செஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சிங்காநல்லூர்க்காரன்:
நான் 2022ல செஞ்சேனுங்க, எங்க வீடும் உங்களுது மாதிரியே ரெண்டு பாத்ரூம் வீடு, கிச்சன் மட்டும் ஒண்ணு. கணக்கு எழுதி வச்சிருக்கேன் அப்படியே தர்றேன். பைப்பு, பிட்டிங்ஸ், வால்வு எல்லாம் சேத்து 31,000. பிளம்பர் கூலி 24,000. சுவர் உடைக்கிறது, அந்த மண்ணு கல்லெல்லாம் வண்டில ஏத்தி வெளிய கொட்டுறது 9,000. அப்புறம் டைல்ஸும் கொத்தனாரும் 48,000. ஆக மொத்தம் 1,12,000 ஆச்சுங்க. பாத்தீங்களா, பைப்புக்குன்னு போனது கால்வாசிதான், மீதி உடைக்கவும் ஒட்டவும்தான் போச்சு. பழைய டைல்ஸ் அதே டிசைன் எங்கயும் கிடைக்கல, உக்கடம் பக்கம் கடை கடையா ஏறி இறங்கினேன், நாலு டைல்ஸுக்காக ரெண்டு சுவர் மொத்தமும் புதுசா ஒட்ட வேண்டியதா போச்சு. அது மட்டும் முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா வேற மாதிரி செஞ்சிருப்பேனுங்க.

அதனால அந்த 1,85,000 ஆள்கிட்ட நாலா பிரிச்சு எழுதித்தரச் சொல்லுங்க, பொருள் தனி, கூலி தனி, உடைக்கிறது தனி, டைல்ஸ் தனின்னு. பிரிச்சு குடுக்க முடியாதுன்னா அவர விட்ருங்க. பொருள நீங்களே கடையில பில்லோட எடுங்க, பைப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கு, ஆனா மொத்தமா எடுத்தா லிஸ்ட் ரேட்ல இருந்து நல்லாவே குறைச்சு தருவாங்க.

திருச்சி பிளம்பர்:
தம்பி, 22 வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன், கொஞ்சம் விவரமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஆசிட் பேச்ச விடுங்க. பழைய ஜிஐ பைப்ல பாதி இடத்துல இரும்பு தேய்ஞ்சு போய் அந்த துருதான் தண்ணிய பிடிச்சு நிக்குது, அத ஆசிட் கரைச்சா பத்து இடத்துல ஒரே நேரத்துல ஒழுகும், அதுவும் சுவத்துக்குள்ள. ஜிஐ முதல்ல போறது மரை வெட்டின இடத்துலதான், அங்க பைப்போட கனம் பாதி போயிருக்கும். உங்க பிளம்பர் ஒண்ண கழட்ட அடுத்தது கசிஞ்சதுக்கு அதான் காரணம், அவர் மேல தப்பு இல்ல. அந்த காலத்துல காச பாத்து மஞ்சள் கோடு போட்ட ஏ கிளாஸ் பைப் போட்டுருவாங்க, அது மெலிசு. நீலம் பி கிளாஸ், சிவப்பு சி கிளாஸ். சி கிளாஸே போட்டாலும் உங்க ஏரியா உப்புத் தண்ணிக்கு இனிமே இரும்பு வேணாம்னுதான் சொல்லுவேன்.

மாத்துறதுக்கு முன்னாடி பைப்தான் கோளாறான்னு ஒரு தடவ பாத்துக்கங்க. மேல்நிலை டேங்க்ல இருந்து வர்ற தண்ணிக்கு பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ பிரஷர். மேல் மாடி ஷவருக்கும் டேங்க் அடிக்கும் ஏழெட்டு அடிதான் இருக்கும்னா கால் கிலோ கூட தேறாது, அங்க தண்ணி மெதுவா வந்தா அது பைப் மேல தப்பு இல்ல, புது பைப் போட்டாலும் பெருசா மாறாது. ஆனா கீழ் வீட்ல மெதுவா வந்தா அடைப்புதான்.

இப்ப செலவு விஷயம். சிங்காநல்லூர்க்காரர் சொன்னது நூத்துக்கு நூறு சரி, காசு போறது உடைக்கிறதுல. அதனால உடைக்காதீங்க. சுவத்துக்குள்ள இருக்கிற பழைய பைப்ப எடுக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல, ரெண்டு முனையும் டம்மி (அடைப்பு மூடி) போட்டு அப்படியே சாக விட்ருங்க. உங்க பாத்ரூம் சுவரோட அந்தப்பக்கம் வெளிப்பக்கம்னு நீங்களே சொல்லிட்டீங்க (ஓதம், பெயிண்ட்), அப்ப புது லைன வெளிச்சுவர்லயே கிளாம்ப் அடிச்சு இறக்கி, ஒவ்வொரு குழாய்க்கும் நேரா வெளிய இருந்து 9 இஞ்ச் சுவர்ல ஒரு ஓட்டை போட்டு உள்ள விடுங்க. குழாய் இருக்கிற அந்த ஒரு டைல்ஸ் மட்டும்தான் போகும், அதுவும் பெரிய பிளாஞ்ச் (குழாய சுத்தி சுவர்ல உக்கார்ற வட்டத் தகடு) போட்டா மறைஞ்சிரும். கெய்சர்ல இருந்து மிக்ஸர் குழாய்க்கு வர்ற சுடுதண்ணி லைன் மட்டும் உள்ள வெட்டித்தான் ஆகணும், அது ஒரு நாலடி.

பைப்பு: சுடுதண்ணி போற இடத்துக்கு கிரீம் கலர் சிபிவிசி, எஸ்டிஆர் 11. எஸ்டிஆர் நம்பர் சின்னதா இருந்தா பைப் கனம் ஜாஸ்தின்னு அர்த்தம், 13.5 குடுத்து 11 ரேட் போடுவாங்க, பைப் மேலயே அச்சடிச்சிருக்கும், படிச்சு பாத்து வாங்குங்க. 11ன்னா பச்சத்தண்ணிக்கு 28 கிலோ பிரஷரும் 82 டிகிரி சூட்டுல 7 கிலோ பிரஷரும் தாங்கும். வெறும் பச்சத்தண்ணி லைனுக்கு வெள்ளை யுபிவிசி பிளாஸ்டிக் பைப் போதும், விலையும் கம்மி. ரெண்டுக்கும் பசை வேற வேற, ஒரே டப்பாவ வச்சு ரெண்டையும் ஒட்டுற ஆள பாத்தா அன்னிக்கே நிறுத்துங்க. வெளிய போற சிபிவிசிக்கு வெயில் ஆகாது, தண்ணில கலக்குற எமல்ஷன் அடிச்சு விடுங்க, ஆயில் பெயிண்ட் அடிக்கக்கூடாது.

டேங்க்ல இருந்து இறங்குறது ஒண்ணேகால் இஞ்ச், கிளை ஒரு இஞ்ச், பாத்ரூமுக்குள்ள முக்கால், குழாய்கிட்ட மட்டும் அரை. முதல்லயே அரை இஞ்ச்ல இழுத்தா பிரஷரே இருக்காது. முடிச்சதும் எல்லா பாயிண்ட்டும் டம்மி போட்டு கைப்பம்ப்ல பிரஷர் ஏத்தி மீட்டர் முள்ளு இறங்காம நிக்குதான்னு பாருங்க. நீங்களே பக்கத்துல நில்லுங்க. அதுக்கு அப்புறம்தான் பூச்சு. பூசுறதுக்கு முன்னாடி டேப் பிடிச்சு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, நாளைக்கு ஆணி அடிக்கிறவனுக்கு உதவும்.

இந்த மாதிரி செஞ்சா உங்க வீட்டுக்கு எல்லாம் சேத்து 80லருந்து 90க்குள்ள முடிக்கலாம்ங்கிறது என் கணக்கு. சென்னை கூலிக்கு கொஞ்சம் கூட வரலாம்.

மடிப்பாக்கம் அக்கா:
பிளம்பர் அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனா ஒண்ணு விட்டுட்டார், அத சொல்லாம போக எனக்கு மனசு வரல. பழைய வீட்ல நிறைய இடத்துல கரண்டோட எர்த் ஒயர தனியா குழி வெட்டி போடாம இந்த ஜிஐ பைப்லயே கட்டி விட்டிருப்பாங்க. இரும்பு பைப் மண்ணுக்குள்ள போறதால இத்தன வருஷம் அது எர்த்தா வேலை செஞ்சுட்டு இருக்கும், யாருக்கும் தெரியாது. நீங்க நடுவுல பிளாஸ்டிக் பைப் போட்ட அன்னிக்கு வீட்டுக்கே எர்த் போச்சு. எங்க வீட்ல அதான் நடந்துச்சு. பைப் மாத்தி பத்தாவது நாள் எங்க அம்மா ஈரக்கையோட கெய்சர் குழாய தொட்டு, கை சுண்டி இழுத்து, நல்லவேளை பின்னாடி சாஞ்சு கீழ விழுந்தாங்க, முழங்கை வீங்கினதோட போச்சு. எலக்ட்ரீஷியன் வந்து பாத்தா மோட்டார் ரூம்ல ஒரு செம்பு கம்பி அறுந்து தொங்குது, பைப்ப அறுத்தவர் அது என்னன்னு கூட கேக்கல. இப்பவும் அம்மா அந்த குழாய தொடுறதுக்கு முன்னாடி கைய துடைச்சுக்கறாங்க. தயவுசெஞ்சு பைப்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியன கூப்பிட்டு எர்த் எங்க போகுதுன்னு பாருங்க, புது எர்த் குழி போட்டு கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி சுவிட்ச் மாட்டுங்க. செலவ பாக்காதீங்க இதுக்கு.

திருச்சி பிளம்பர்:
அக்கா சொன்னது ரொம்ப முக்கியம், நான் எழுதியிருக்கணும், விட்டுப்போச்சு. பைப்ல ஏதாவது ஒயர் கட்டியிருந்தா யாரும் கழட்டக்கூடாது, டெஸ்டர் வச்சு பாக்காம பைப்ப அறுக்கவும் கூடாது, அறுக்குறவனுக்கே ஷாக் அடிக்கும்.

குரோம்பேட்டை வீடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நாலு நாளா இத வச்சுத்தான் எல்லார்கிட்டயும் பேசிட்டு இருக்கேன். அக்கா, உங்க பதிவ பாத்துட்டு நேத்து எலக்ட்ரீஷியன வரச்சொன்னேன். மோட்டாருக்கு பின்னாடி சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு மறைஞ்சு போயிருந்த ஒரு கிளாம்ப், அதுல எங்க வீட்டு எர்த் கம்பி! அப்பாவுக்கே தெரியல, கட்டினப்போ மேஸ்திரி செஞ்சதுங்கிறார். இந்த வாரம் தனி எர்த் குழி, ஆர்சிசிபி ரெண்டும் போடுறோம், 11,500 சொல்லியிருக்கார்.

பக்கெட் வச்சும் பாத்தேன், 15 லிட்டர் நிறைய கீழ் பாத்ரூம்ல ஆறு நிமிஷம், மேல ரெண்டரை. அப்ப கீழ அடைப்புதான். அந்த 70,000 சொன்னவர்கிட்ட வெளிச்சுவர் வழியா இறக்குறத பத்தி கேட்டேன், முதல்ல பாக்க நல்லா இருக்காது சார்னார், டைல்ஸ் உடைக்க எங்ககிட்ட காசில்லன்னு சொன்னதும் அளந்து பாத்துட்டு பிரிச்சு எழுதி குடுத்தார், பொருள் 36,000, கூலி 32,000, கொத்தனார் 14,000. மொத்தம் 82,000. சரின்னு சொல்லிட்டேன், திங்கக்கிழமை ஆரம்பம். அஞ்சு நாள் வேலைங்கிறார். அம்மாவுக்கு ஒரே கவலை, அஞ்சு நாள் தண்ணி இல்லாம சமையல எப்படி பாக்குறதுன்னு இப்பவே டிரம் எல்லாம் கழுவி வெயில்ல வச்சிருக்காங்க.

திருச்சி பிளம்பர்:
அஞ்சு நாளும் தண்ணி நிக்கணும்னு இல்ல தம்பி. வெளிப்பக்க லைன்தானே, பழசு ஓடிட்டு இருக்கும்போதே புதுச முழுசா இழுத்து முடிக்கலாம், டேங்க்ல கனெக்சன் மாத்துற அன்னிக்கு மட்டும் அரை நாள் நிக்கும். கீழ் கிச்சன் லைன முதல்ல முடிச்சுத்தரச் சொல்லுங்க, பசை காயிறதுக்கு ஒரு ராத்திரி விட்டுட்டு மறுநாள் காலைல திறந்து விட்டா அம்மா புது தண்ணில காபி போட்டுருவாங்க. டேங்க்கையும் அன்னிக்கே கழுவிருங்க, அடியில நிக்கிற மண்டி புது பைப்புக்குள்ள போகக்கூடாது.